வெள்ளிக்கிழமைக் கத்தரிக்காய்க் குழம்பு

வெள்ளிக்கிழமை வந்தால் ஏரம்பர் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரிந்துவிடும். மற்ற நாட்களில் அடுப்படியை விட்டு அசையாத அந்தக் கள்ளப் பூனை, வெள்ளி விடிந்ததும் குசினி வாசலில் ஒரு தரம் நின்று மோப்பம் பிடிக்கும். உள்ளே சைவச் சட்டிகள் அடுப்பில் ஏறியிருக்கும். இன்றைக்கு இங்கே நமக்கு ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்டு, வாலைத் தூக்கியபடி வாய்க்கால் பக்கம் எலி தேடப் போய்விடும்.

அந்த வீட்டில் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. மீனும் இறைச்சியும் காய்ச்சுகிற சட்டிகள் குசினியின் ஒரு மூலையில் கவிழ்ந்து கிடக்கும். மரக்கறிச் சட்டிகள் எதிர் மூலையில், உயரத்தில், பரணில். அகப்பையும் அப்படியே வேறு வேறு. உடையார்கட்டுக் குளத்துக்குக் கீழே காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு வந்தபோது, ஏரம்பரின் மனைவி சிவனேஸ்வரி சட்டிகளை இரண்டு சாக்கில் தனித்தனியாகக் கட்டி லொறியில் ஏற்றினாள். சாக்கும் சாக்கும் முட்டக்கூடாதென்று நடுவில் ஏரம்பரை இருத்தினாள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. ஏரம்பர் அதை இதுவரை மறுக்கவில்லை.

அப்படிப்பட்ட வீட்டில், அறுபத்திரண்டாம் ஆண்டு அறுவடை முடிந்த கையோடு, ஒரு வெள்ளிக்கிழமை, மூத்த மகள் இராசமலரைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை கனகலிங்கம் கிளிநொச்சி நீர்ப்பாசனக் கந்தோரில் ஓவசியர்.

கனகலிங்கம் இராசமலருக்குப் புதிய ஆள் இல்லை. முந்திய வருஷம் அந்தப் பக்கத்துக்கு வாய்க்கால் வெட்டியபோது குடையும் அளவு நாடாவுமாக வந்து நின்றவன் அவன்தான். மற்றக் காணிகளில் ஒரு தரம் அளந்த வாய்க்கால் ஏரம்பர் வீட்டு வேலியடியில் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப அளக்கப்படுகிறது என்று கூலியாட்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். அவன் தண்ணீர் கேட்பான். அவள் மோர் கொண்டுபோய்க் கொடுப்பாள். உப்புக் காணுமோ என்று அவள் கேட்பாள். காணும் என்று அவன் சொல்லுவான். இருவரும் கதைத்த கதை மொத்தமும் அவ்வளவுதான். ஆனால் வேலை முடிந்து அவன் போன பிறகு இராசமலருக்கு மோர் கடையவே மனம் வரவில்லை. அவனுக்கும் அங்கே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அதே கந்தோரில் களஞ்சியம் பார்க்கிற தில்லைநாதனை, ஏரம்பரின் ஒன்றுவிட்ட தம்பி என்று அறிந்து, பிடித்து, பெண் கேட்கச் சொல்லி அனுப்பிவிட்டான்.

சிக்கல் என்றால் அவனுடைய தாய் பத்மாசனி அம்மாள்தான். கிளிநொச்சிக் குவாட்டர்ஸில் மகனோடு இருந்தார். தீட்சை கேட்டவர். மச்சத்தைத் தொடாதது மட்டுமில்லை, அந்தச் சொல்லையே வாயில் எடுக்கமாட்டார். ‘அது’ என்பார். ‘அவை அது தின்னுற ஆக்களோ?’ என்றுதான் முதலில் விசாரித்தார். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் சுத்த சைவம், சட்டியே வேறு என்று தில்லைநாதன் அடித்துச் சொன்ன பிறகுதான், அப்படியென்றால் வெள்ளிக்கிழமையே வருகிறேன், பெண்ணின் கையால் ஒரு வாய் சாப்பிட்டும் பார்க்கிறேன் என்று இறங்கிவந்தார்.

கேட்ட நேரத்திலிருந்து சிவனேஸ்வரிக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. பழைய மிளகாய்த்தூள் மணம் போய்விட்டது, புதுத்தூள் இடிக்க வேண்டும் என்றாள். செத்தல் மிளகாயும் மல்லியும் சீரகமும் மிளகும் வறுபட்டு, வீடு முழுக்கத் தும்மி முடிந்தது. இடிக்கலாமென்று இராசமலர் உரலை உருட்டினால், அடிப்பக்கத்தைக் கறையான் அரித்து, உரல் இரண்டாகப் பிளந்து கையோடு வந்தது.

றோட்டுக்கு எதிர்ப்பக்கம் மார்கிறட்டின் வீடு. அவள் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவள். புருஷன் மத்தேயு கடற்கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவந்து அந்தப் பகுதியில் விற்கிறவன். இராசமலர் சுளகோடு போனபோது மார்கிறட் கோயிலுக்குப் போயிருந்தாள். உரல் முற்றத்தில் துடைத்துக் கவிழ்த்தபடி இருந்தது. நிமிர்த்தினாள், இடித்தாள், அரித்தாள், போத்தலில் நிரப்பினாள். அம்மாவிடம் எந்த உரல் என்று சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. சட்டிக்குத்தான் மச்சம் சைவம் எல்லாம். உரலுக்கு ஏது? அவர்கள் வீட்டு உரல் அரிசியும் மிளகாயும் எள்ளும் தவிர வேறொன்றைக் கண்டதில்லை. ஊரில் உள்ள உரல் எல்லாம் அப்படித்தான் என்று அவள் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பூனையும் வந்தது. வாசலில் மோப்பம் பிடித்தது. பிறகு, வழக்கத்துக்கு மாறாக, உள்ளே வந்து இராசமலரின் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தத் தொடங்கியது. விறகுக் கட்டையால் வெருட்டினாலும் போகவில்லை.

“இதுக்கும் மாப்பிளை பாக்க ஆசையாக்கும்” என்று சொல்லி, சிவனேஸ்வரி அதை விளக்குமாற்றால் துரத்தினாள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பருப்பு, பயற்றங்காய், வாழைக்காய்ப் பொரியல், மாங்காய்ச் சம்பல், எல்லாவற்றுக்கும் மேலே புதுத்தூள் போட்டு எண்ணெய் மிதக்கக் காய்ச்சிய கத்தரிக்காய்க் குழம்பு. பத்மாசனி அம்மாள் முதலில் குழம்பை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். பிறகு சோற்றோடு பிசைந்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“இந்தக் கைப்பக்குவம் எங்கை பழகினது, பிள்ளை?”

“அம்மாட்டைத்தான், மாமி.”

“மரக்கறியிலை இப்பிடி ஒரு ருசி நான் இண்டுவரைக்கும் காணேல்லை. சுத்த சைவத்தின்ரை ருசியே தனி. இன்னுமொருக்கா விடு.”

இன்னுமொரு தரம் விட்டாள். பிறகு இன்னுமொரு தரம். அதற்குப் பிறகும் ஒரு தரம். சிவனேஸ்வரி கதவு மறைவில் நின்று பெருமையில் பூரித்துப்போனாள். கலியாணம் முடிந்த மாதிரித்தான் என்று அவளுக்குப் பட்டது.

இலை எடுத்து, வெற்றிலைத் தட்டம் வைத்த நேரம் கனகலிங்கம் காதைச் சொறிந்தான். பிறகு கழுத்தைச் சொறிந்தான். கை முழுக்கத் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. மேலுதடு பொங்கியது, கீழுதடு அதற்குப் போட்டியாகப் பொங்கியது. தேத்தண்ணீர்த் தட்டோடு இராசமலர் வெளியே வந்தபோது, போன வருஷம் மோர் வாங்கிக் குடித்த முகத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு பெரிய அப்பம் இருந்தது. அதில் இரண்டு கண்கள் கீறின மாதிரித் தெரிந்தன.

அந்த நிலைமையிலும் தில்லைநாதன், முறை தவறக்கூடாதென்று, “தம்பி, பொம்பிளையைப் பிடிச்சிருக்கோ?” என்று கேட்டார்.

“பிழ்ச்சிழுக்கு” என்றான் கனகலிங்கம்.

பத்மாசனி அம்மாள் கதிரையை விட்டு எழும்பினார். “மருந்து! என்ரை பிள்ளைக்கு மருந்து போட்டிட்டினம்!”

சாப்பாட்டில் மருந்து கலந்துகொடுத்து, கொடுத்தவள் பின்னாலேயே ஆணைச் சுற்ற வைக்கிற வித்தை வன்னியில் இருக்கிறது என்று யாழ்ப்பாணத்தில் சிலர் அந்தக் காலத்தில் குசுகுசுத்துக்கொள்வார்கள். ஏரம்பர் குடும்பமே யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததுதான். ஆனால் கோபத்தில் இருக்கிறவருக்கு அதை யார் விளக்குவது?

“ஒருக்கா ஆனையிறவிலை குளவி குத்தி இப்பிடித்தான் வீங்கினவன்” என்றார் அம்மாள். “இஞ்சை குளவி எங்கை? காட்டுங்கோ பாப்பம்!”

“அம்மா, ஒண்டுமில்லை. எனக்கு இந்தப் பொம்பிளைதான்...”

“பாத்தியளோ! பாத்தியளோ! மருந்து வேலை செய்யுது!”

அவன் வாய் திறந்து நல்லதாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மருந்துக்குச் சாட்சியாகியது. கடைசியில் வந்த காரிலேயே அவனை ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஏரம்பரும் பின்சீற்றில் ஏறிக்கொண்டார். டொக்டர் ஓர் ஊசி போட்டார். சற்று நேரத்தில் வீக்கம் வற்றத் தொடங்கியது.

பொழுதுபட வீட்டுக்கு வந்த ஏரம்பர் நடந்ததைச் சொன்னார். “டொக்டர் கேட்டவர், இறால், நண்டு ஏதும் சாப்பிட்டவரோ எண்டு. அந்த மனிசி பாஞ்ச பாய்ச்சல்! எங்கடை வீட்டிலை அது வாசல்படி ஏறினதே இல்லையெண்டு. டொக்டர் பிறகு வாய் திறக்கேல்லை. போகேக்கை மட்டும் சொன்னவர், சிலபேருக்குச் சில சாமானை உடம்பு ஏற்காதாம். ஊர் முழுக்கத் திண்டிட்டுச் சுகமா இருக்கும், அந்த ஆளுக்கு மட்டும் அது நஞ்சாம். ஒரு கிள்ளுக் காணுமாம். அடுத்தமுறை தொண்டை அடைச்சு மூச்சு நிண்டாலும் நிக்குமாம், கவனமெண்டார்.”

“கத்தரிக்காயா இருக்கும்” என்றாள் சிவனேஸ்வரி, நப்பாசையோடு. “கத்தரிக்காய் கிரந்திச் சாமான்தானே, கடியைக் கிளப்பும்.”

“அவன் கிழமையிலை நாலு நாள் கத்தரிக்காய்தான் தின்னுறவனாம். தாயே சொன்னவ.”

இராசமலர் அன்றைக்கு அழுதாள். அழுகைக்குள்ளும் ஓர் எரிச்சல் இருந்தது. மருந்து போட்டுத்தான் அவனைப் பிடிக்க வேண்டுமா என்ன? மோர் போதாதா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. பிறகு ஒருநாள் தில்லைநாதன் வந்தார். சிரிப்பதா, கவலைப்படுவதா என்று தெரியாத முகத்தோடு வந்தார்.

“பத்மாசனி அம்மாள் மருந்து முறிக்கிற ஒராளைப் பிடிச்சிருக்கிறா. விடிய வெறும் வயித்திலை வேப்பிலையும் இன்னும் என்னவோ பச்சிலையும் அரைச்ச தண்ணி, ஒரு மூக்குப்பேணி நிறைய. மருந்து முறியுமட்டும் குடிக்க வேணுமாம். முறிஞ்சதோ இல்லையோ எண்டு அறியிறதுக்கு ஒவ்வொரு நாளும் காலமை கேக்கிறா, ‘இன்னும் அந்தப் பெட்டையை நினைக்கிறியோ?’ எண்டு.”

“அவர் என்ன சொல்லுறார்?” இராசமலர் தன்னை மறந்து கேட்டுவிட்டாள்.

“ஓம் எண்டுறான். சொல்லிப்போட்டு, மூக்கைப் பிடிச்சுக்கொண்டு குடிக்கிறான். ஒருநாள் இல்லை எண்டாக் காணும், வேப்பிலை நிண்டுபோம். உன்ரை கதையும் அதோடை முடிஞ்சுபோம். அவன் சொல்லுறானில்லை. வாயெல்லாம் கசந்து, கந்தோரிலை தேத்தண்ணிக்குச் சீனி போடப் போட இன்னும் போடு எண்டு நிக்கிறான்.”

ஏரம்பர் விழுந்து விழுந்து சிரித்தார். இராசமலர் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் ஆள் பார்க்க அழகாக இருக்காது என்று அவளுக்குத் தெரியும். இப்படி ஒருவன் தனக்காக வேப்பிலை குடிக்கிறான் என்றால், அவனை விடக்கூடாது என்று அந்தக் கணத்தில் முடிவெடுத்தாள். எப்படியும் காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

காரணம் நாலு காலில் வந்தது. அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. அந்தப் பெண்பார்த்த நாளுக்குப் பிறகு, புதுத்தூளைக் கண்டாலே மனம் கசக்கிறது என்று சைவச் சமையலுக்குச் சிவனேஸ்வரி பழைய தூளைத்தான் போட்டுவந்தாள். பூனையும் வெள்ளிகளில் வழமைபோல வந்து மணந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அன்று பழைய தூள் முடிந்து, இராசமலர் புதுத்தூள் போத்தலைத் திறந்தாள். வாய்க்கால் வரைக்கும் போன பூனை திரும்பி ஓடிவந்தது. காலைச் சுற்றியது. கத்தியது.

அவள் கொஞ்சத் தூளைச் சிரட்டையில் கொட்டி நிலத்தில் வைத்தாள். பூனை மூக்கை வைத்தது, தும்மியது, கண்ணீர் விட்டது, திரும்பவும் மூக்கை வைத்தது. மிளகாய்த்தூளுக்கு ஆசைப்படுகிற பூனை உலகத்தில் இல்லை. இராசமலர் போத்தலை மூக்கடியில் பிடித்து, மிளகாய்க் காரத்துக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று பொறுமையாக மணந்தாள். காரத்துக்கு அடியில் மார்கிறட் வீட்டு முற்றத்து மணம் இருந்தது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு றோட்டைக் கடந்து ஓடினாள்.

“மார்கிறட் அக்கா, உங்கடை உரலிலை என்ன இடிச்சனீங்கள்?”

மார்கிறட் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். “எப்ப பிள்ளை?”

“நீங்கள் கோயிலுக்குப் போன அண்டைக்கு. எங்கடை வீட்டுக்கு மாப்பிளை ஆக்கள் வாறதுக்கு முதல்நாள்.”

“கூனி இறால்தான். காயவைச்சு, வறுத்து, இடிச்சு வைச்சாச் சம்பலுக்கும் சொதிக்கும் ஒரு கிள்ளுப் போடலாம். இடிச்சுப்போட்டுத் துடைச்சுக் கவிட்டு வைச்சிட்டுப் போனனான்.”

“இறாலை ஆராவது உரலிலை இடிப்பினமோ?”

“பின்னை காலாலையோ மிதிக்கிறது?”

இராசமலர் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்ட மார்கிறட் முதலில் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு யோசித்தாள்.

“என்ரை தம்பி யாகப்பு நாயாத்துக் கடலேரியிலை இறால் பிடிக்கிறவன். ஆனா ஒரு இறால் வாயிலை வைக்க ஏலாது. வைச்சா, நீ சொன்ன அதே முகம்தான். வாடியிலை இறால் அவிக்கிற ஆவி பட்டாலே கண் வீங்கும். பிடிக்கிறது அவன், தின்னுறது ஊர். ஆரும் மருந்து போட்டதெண்டு நாங்கள் சொல்லுறேல்லை, பிள்ளை. அவன்ரை உடம்பு அப்பிடி.”

வீட்டுக்கு வந்து சொன்னாள். சிவனேஸ்வரி தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

“இதைப்பற்றி ஒருத்தரிட்டையும் மூச்சு விடக்கூடாது. மருந்து போட்டதெண்டு சொல்லிப்போட்டுப் போகட்டும். அது அந்த மனிசியின்ரை கற்பனை. வெள்ளிக்கிழமையிலை, தீட்சை கேட்ட மனிசிக்கு இறால் குடுத்ததெண்டு வெளியிலை வந்தா, உனக்கு மட்டுமில்லை, இளையவளுக்கும் ஒருத்தன் வரமாட்டான். அதுவும் மூண்டு தரம் விட்டுக் குடுத்தனியே, பாவி!”

“அவர் வேப்பிலை குடிக்கிறார், அம்மா.”

“குடிக்கட்டும். உடம்புக்கு நல்லது.”

“இன்னுமொரு இடத்திலை தெரியாமல் இறாலைத் திண்டா? தொண்டை அடைக்குமெண்டு டொக்டர் சொன்னவரெல்லே? அவருக்கு என்னத்தாலை வந்ததெண்டு தெரிய வேண்டாமோ?”

ஏரம்பர் சால்வையை உதறித் தோளில் போட்டார். “எழும்பு பிள்ளை. பஸ் போகப்போகுது.”

பரந்தனில் இறங்கி, பஸ் மாறி, கிளிநொச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இராசமலரின் மடியில் சேலைத் துண்டால் சுற்றிய அந்தப் போத்தல் இருந்தது. சொல்ல வேண்டியதை வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். குவாட்டர்ஸ் வாசலில் பத்மாசனி அம்மாளைக் கண்டதும் எல்லாம் மறந்துபோயிற்று.

“ஓ, மருந்து முறியுதெண்டு கேள்விப்பட்டு இன்னும் கொண்டுவந்திருக்கிறியளோ?” என்றார் அம்மாள், போத்தலைப் பார்த்து.

கனகலிங்கம் உள்ளேயிருந்து வந்தான். முகம் பழைய முகமாகத்தான் இருந்தது, கொஞ்சம் மெலிந்திருந்தது. அதைக் கண்டதும் இராசமலருக்குச் சொல் வந்தது. உரல் பிளந்ததிலிருந்து பூனை தும்மியது வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

பத்மாசனி அம்மாள் மெல்லக் கதிரையில் இருந்தார். “அப்ப... அந்தக் குழம்பிலை... அதோ?”

“ஓம், மாமி. அதுதான்.”

“நானும் சாப்பிட்டனான்.”

“ஓம், மாமி.”

“மூண்டு தரம்.”

“நாலு” என்றார் ஏரம்பர். எந்த நேரத்தில் வாயை மூட வேண்டும் என்பதை ஆண்டவன் அவருக்குக் கற்பிக்கவில்லை.

அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சிவ சிவ என்றார். பிறகு கண்ணைத் திறந்தபோது அதில் பழைய சந்தேகம் இருந்தது. “நல்லாச் சோடிச்ச கதை. மருந்து போட்டதை மறைக்கிறதுக்கு உரலையும் பூனையையும் கொண்டுவாறியள். என்ரை பிள்ளை பிறந்த நாளிலையிருந்து அதைத் தொட்டதில்லை. அது அவனுக்கு ஆகாதெண்டு ஆர் கண்டது? சரி, ஒண்டு செய்வம். அந்தப் போத்தலை இஞ்சை தா. தம்பி ஒரு கிள்ளு நாக்கிலை வைக்கட்டும். வீங்கினா நம்புறன். இண்டைக்கே நாளும் வைப்பம்.”

கனகலிங்கம் கையை நீட்டினான். ஒரு கிள்ளு. வீங்கினால் கலியாணம். அவன் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் நீட்டிய கை பின்வாங்கவில்லை.

இராசமலர் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“வேண்டாம். எனக்கு இந்தக் கலியாணம் நடக்காட்டிலும் பரவாயில்லை. இதை நீங்கள் வாயிலை வைக்கக்கூடாது.”

சொன்னதோடு நிற்கவில்லை. முற்றத்துக்கு இறங்கினாள், மூடியைத் திறந்தாள், இருந்த ஒரே சாட்சியை வேலியோரச் சாக்கடைக் கானுக்குள் கவிழ்த்துக் கொட்டினாள். இனிச் சொல்ல ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று தகப்பனைப் பார்த்தாள்.

“அம்மா” என்றான் கனகலிங்கம். “சாட்சி வேணுமெண்டா, நான் இருக்கிறன்.”

“நீ என்னத்துக்குச் சாட்சி?”

“ஆனையிறவிலை அண்டைக்கு என்னைக் குளவி குத்தேல்லை, அம்மா. கந்தோர்ப் பெடியளோடை றெஸ்ற் ஹவுசிலை இறால் பொரியல் திண்டனான். ரெண்டே ரெண்டு. அதுக்குத்தான் வீங்கினது.”

பத்மாசனி அம்மாள் மகனின் முகத்தைப் பார்த்தார். “நான் சுண்ணாம்பு பூசினனே!”

“ஓம், அம்மா. அது வேறை எரிஞ்சது.”

“அப்ப இவையின்ரை வீட்டிலை வீங்கினபோதும் உனக்குத் தெரியுமோ?”

“உதடு தடிக்கவே விளங்கீற்றுது. எப்பிடி வந்ததெண்டுதான் விளங்கேல்லை. சொன்னா, உனக்கெப்பிடித் தெரியுமெண்டு கேப்பியள். அது போகட்டும், எனக்கு ரெண்டு பேச்சு விழும். ஆனா வெள்ளிக்கிழமை இவையின்ரை வீட்டிலை இறால் தந்தவையெண்டு தெரிஞ்சா, நீங்கள் பிறகு அவையின்ரை படலைப் பக்கமே போகமாட்டியள். அதுதான் பேசாமல் வேப்பிலையைக் குடிச்சனான்.”

பத்மாசனி அம்மாள் மகனைப் பார்த்தார், முற்றத்தில் வெறும் போத்தலோடு நிற்கிற பெண்ணைப் பார்த்தார், திரும்ப மகனைப் பார்த்தார்.

“அப்ப மருந்து இல்லை.”

“இல்லை, அம்மா.”

“ஒவ்வொரு நாளும் காலமை நான் கேக்கக் கேக்க, ஓம் ஓம் எண்டு சொன்னது?”

“அது நான்தான், அம்மா.”

இராசமலர் குனிந்துகொண்டாள். இவ்வளவு நாளும் மருந்தின் கணக்கில் எழுதப்பட்ட ஓம் எல்லாம் ஒரே நேரத்தில் அவளிடம் வந்து சேர்ந்தன. சந்தோஷத்தில் அவளுக்குக் காது சூடாகியது.

“இனி ஆரை ஆர் கேக்கிறது” என்றார் பத்மாசனி அம்மாள் கடைசியில். “பெத்தவளும் அதைத் திண்டிட்டா, பிள்ளையும் அதைத் திண்டிட்டான். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேணும். தலைக்குத் தண்ணி வாக்க வேணும்.” எழும்பிக் கிணற்றடிக்குப் போகப் புறப்பட்டவர் வாசலில் நின்றார். “இஞ்சை பாருங்கோ, ஏரம்பர். சீதனமெண்டு எனக்கு வேறையொண்டும் வேண்டாம். ஒரு புது உரல் வேணும். ஆரும் அதை இடியாத உரல்.”

ஏரம்பர் காட்டில் பாலை மரம் பார்த்து, தச்சனைப் பிடித்து, உரல் குடைவித்தார். ஆவணியில் கலியாணம் நடந்தபோது சீர்வரிசையின் முன்னுக்கு, பொட்டு வைத்து மாலை போட்டு, நாலு பேர் தூக்கிய அந்த உரல்தான் வந்தது. ஏன் என்று கேட்ட சனத்துக்கு, யாழ்ப்பாணத்து முறை என்று தில்லைநாதன் சொல்லிவைத்தார். மார்கிறட் கலியாணத்துக்கு வந்தாள். வீட்டில் தலைமுழுகி, பெட்டியில் மீன் மணம் படாமல் இருந்த சேலையை எடுத்து உடுத்துக்கொண்டு, மாப்பிள்ளையிடமிருந்து எட்டியே நின்று வாழ்த்தினாள். என்னாலை இன்னுமொருக்கா வீக்கம் வேண்டாம் என்று சொல்லிச் சிரித்தாள்.

கலியாணத்துக்குப் பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, கிளிநொச்சிக் குவாட்டர்ஸில் இராசமலர் சமைத்தாள். புது உரல், புதுத்தூள், புதுச்சட்டி. கத்தரிக்காய்க் குழம்பு எண்ணெய் மிதக்கக் கொதித்தது. கனகலிங்கம் ரசித்துச் சாப்பிட்டான்; ஒரு தடிப்பும் எழும்பவில்லை. மாமியாருக்கு இலை போட்டு, சோறு வைத்து, குழம்பை விட்டுவிட்டு, என்ன சொல்லப்போகிறாரோ என்று இராசமலர் பக்கத்தில் நின்றாள்.

பத்மாசனி அம்மாள் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்தார்.

“நல்லாத்தான் இருக்கு, பிள்ளை” என்றார். பிறகு, மகன் கைகழுவ எழும்பிப் போய்விட்டானா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“ஆனா அண்டைக்கு மாதிரி இல்லை.”